அஞ்சு பேரும் ஒரே தப்பு

1. புயல் எந்தப் பக்கம்?

ஃபீல்டு சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் நாள், அகரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஐயா, நாங்க டிப்ரஷன் பத்தி ஒரு ஆராய்ச்சி பண்றோம்" என்றேன். கத்தரிக்காயைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"எங்கத்தா, வங்கக்கடல்லயா? நம்ம பக்கம் மழை வருமா?"

சிரிக்காதீங்க. டிப்ரஷன் என்ற வார்த்தையை அவர் டிவி செய்தியில் கேட்டது புயல் சமயத்தில்தான். "அது இல்லங்கய்யா, மனச்சோர்வு" என்றேன். "சோர்வா? வெயில்ல நின்னா யாருக்குத்தான் சோர்வு இல்ல? மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று சொம்பை நீட்டினார். குடித்தேன். நல்ல மோர். ஆராய்ச்சி மட்டும் அன்று நகரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் தனம். திண்டுக்கல் டவுனிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் எத்தனை பேர் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் இருக்கிறார்கள், அதை என்ன வார்த்தையில் சொல்கிறார்கள், யாருக்கு எந்த உதவி பலிக்கிறது என்று பார்க்கிற ஒரு ஆராய்ச்சியில், ஓய்வு பெறுகிற வரைக்கும் இருந்தேன். எங்கள் தலைவர் ஒரு மனநல டாக்டர். நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்குக் கீழே நாங்கள் ஆறு பெண்கள். வீடு வீடாகப் போய், டேப்லெட்டில் இருக்கிற கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு ஸ்கோர் போடுவோம். ஸ்கோர் அதிகமானால் நோய் கடுமை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு ரெஃபரல் சீட்டு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

கேள்விகளைத் தமிழில் மாற்றியவர் யாரோ பெரிய படிப்பாளி. "கடந்த இரு வாரங்களில் தாங்கள் நம்பிக்கையற்ற நிலையை உணர்ந்தீர்களா?" என்று எழுதியிருந்தார். நாகல் நகரில் ஒரு வீட்டில் இதை அப்படியே வாசித்தேன். வீட்டுக்காரம்மா கழுத்தில் கிடந்த செபமாலையை எடுத்துக் காட்டினார்.

"ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்குப் போற வீடு இது. எங்களுக்கா நம்பிக்கை இல்லங்கிறீங்க? நீங்க எந்தச் சபையில இருந்து வாரீங்க?"

மதம் மாற்ற வந்தவள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நான் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் முதலில் என்னைத் திட்டினார், பிறகு படிப்பாளியைத் திட்டினார், பிறகு எல்லோரையும் உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியாக உடைத்தார். "மனசு வெறுத்துப் போச்சா", "எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதா" என்று ஊர் வார்த்தைகளைப் போட்டோம். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வாயைத் திறந்தார்கள்.

2. ஜெசிந்தா

அந்த வார்த்தைகளில் பாதி ஜெசிந்தா கொடுத்தது. எங்கள் ஆறு பேரில் அவளுக்குத்தான் வாய் அதிகம். முப்பது வயதைத் தாண்டியவள், ஒரு பெண் குழந்தை, வீட்டுக்காரர் அந்தோணி மில்லில் ஷிப்ட் வேலை. அவள் சிரித்தால் மாடியில் டாக்டர் எழுதிக்கொண்டிருக்கிற பேனா நின்றுவிடும். "யாருங்க அது?" என்று எட்டிப் பார்ப்பார். "காத்து சார்" என்பாள்.

பேட்டிக்கு வர மாட்டேன் என்கிறவர்களை வழிக்குக் கொண்டுவருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரெஃபரல் சீட்டைக் கொடுத்ததும், "ஏம்மா, எனக்குப் பைத்தியமா?" என்று சண்டைக்கு வருகிறவர்களைக்கூட, அரை மணி நேரத்தில் ஆட்டோவில் ஏற்றிவிடுவாள். நான் என்னதான் சூப்பர்வைசர் என்றாலும், கஷ்டமான வீடு என்றால் "ஏ ஜெசி, நீ போ தாயி" என்று நழுவிவிடுவேன். சம்பளம் எனக்கு, சாமர்த்தியம் அவளுக்கு.

3. காப்பி அடித்த குற்றச்சாட்டு

கிராமத்துக்குப் பெரிய ரவுண்டு கிளம்புவதற்கு முன்னால் டாக்டர் எங்களுக்கு ஒரு பரீட்சை வைப்பார். ஒருத்தி பேஷண்ட்டாக நடிக்க வேண்டும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று டாக்டர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அவளிடம் மட்டும் கொடுத்துவிடுவார். மற்ற அஞ்சு பேரில் ஒருத்தி கேள்வி கேட்க வேண்டும், அஞ்சு பேரும் அவரவர் டேப்லெட்டில் தனித்தனியாக ஸ்கோர் போட வேண்டும். ஸ்கிரிப்ட்டில் இருக்கிற ஸ்கோரும் எங்கள் ஸ்கோரும் ஒத்துப்போனால்தான் ஊருக்குள் விடுவார்.

அந்தத் தடவை ஜெசிந்தாதான் பேஷண்ட். டாக்டர் ஏதோ மீட்டிங் போயிருந்தார், நாங்களே நடத்தி முடித்தோம். மத்தியானம் வந்து ஸ்கோரைப் பார்த்தவர், சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"என்னம்மா இது? நான் எழுதினது நல்லா இருக்கிற ஒரு பொம்பளை. கொஞ்சம் தூக்கம் கம்மி, அவ்வளவுதான். அந்தம்மாவை அஞ்சு பேரும் சேந்து பெரிய நோயாளி ஆக்கி வச்சிருக்கீங்க! இந்த லட்சணத்துல ஊருக்குள்ள விட்டா, திண்டுக்கல் ஜில்லாவையே ஆஸ்பத்திரியில சேத்துருவீங்க போல!"

எனக்கு ரோஷம் வந்தது. "சார், தப்புப் போட்டா ஆளுக்கு ஒரு மாதிரில்ல போடுவோம்? அஞ்சு பேரும் எப்படி சார் ஒரே தப்பைப் போடுவோம்?"

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். டாக்டரின் கண் சுருங்கியது.

"அதான் நானும் கேக்குறேன். காப்பி அடிச்சீங்களா?"

அடப் பாவி மனுசா! பேரன் எடுத்த பிறகு, காப்பி அடித்தேன் என்று ஒரு பட்டம். பள்ளிக்கூடத்தில்கூட நான் அந்தப் பேர் வாங்கியதில்லை. பக்கத்தில் ஜெசிந்தா மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு அப்படியே இருந்தது.

4. மறுபரீட்சை

மூலைக்கு ஒருத்தியாக நாற்காலியைப் போடச் சொன்னார். அதே பேஷண்ட், அதே ஸ்கிரிப்ட், இந்தத் தடவை தன் கண் முன்னால் நடக்க வேண்டும் என்றார். கேள்வி கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. டாக்டர் ஸ்கிரிப்ட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் வாத்தியார் நடப்பது மாதிரி நடந்தார்.

"காரியங்கள்ல பிடிப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாம் செய்யுறேன். சமைக்கிறேன், பிள்ளையக் கெளப்புறேன், வேலைக்கு வாரேன். யாரோ செய்யுற மாதிரி இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

டாக்டர் கையில் இருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். வேறு ஸ்கிரிப்ட்டை எடுத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

"சாப்பாடு?"

"குழம்பு, வெஞ்சனம்னு எதுவும் வைக்கவே கை வர மாட்டேங்குது. அவருக்கும் பிள்ளைக்கும் வைக்கிறேன். எனக்குத் தட்டுல போட்டா, பாத்துக்கிட்டே இருக்கேன்."

"தூக்கம்?"

"விடியிறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்திருது. வந்த ஒடனே, ஐயோ இன்னைக்கும் ஒரு நாள் இருக்கேன்னு தோணுது."

டாக்டர் நடப்பதை நிறுத்திவிட்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் அதைப் பார்த்தேன். ஆனாலும் கேள்வி வரிசைப்படிதானே போக வேண்டும். கடைசிக் கேள்விக்கு வந்தேன். செத்துப் போனால் தேவலை என்று நினைப்பு வந்ததா என்ற கேள்வி.

"செத்துப் போகணும்னு இல்லக்கா. ராத்திரி படுத்தா அப்படியே எந்திரிக்காமப் போயிட்டா நல்லாருக்கும்னு தோணும். அம்புட்டுதான்."

மூலையில் இருந்து ஒருத்தி, "சூப்பர்டி ஜெசி! அழுகையே வந்துருச்சு!" என்று கை தட்டினாள்.

"கை தட்டாதீங்க" என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார். அவர் கத்தும்போதுகூட நாங்கள் அப்படிப் பயந்ததில்லை.

மற்ற நால்வரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, என்னை மட்டும் இருக்கச் சொன்னார். ஒரு நாற்காலியை இழுத்து ஜெசிந்தாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஜெசிந்தா, நான் எழுதிக் கொடுத்ததுல இது ஒண்ணுமே இல்லையேம்மா."

"படிச்சேன் சார். ஒக்காந்ததும் மறந்து போச்சு. கேட்டதுக்கு வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

"இதெல்லாம் உங்களுக்கு இருக்கா?"

அவள் கையில் இருந்த கர்ச்சீப்பைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"நடின்னு சொன்னீங்கள்ல சார். அதான் சொல்ல முடிஞ்சுச்சு. நானா யாருகிட்டயும் சொல்ல முடியல."

எங்கள் அஞ்சு பேர் ஸ்கோரும் சரி. ஒருத்திகூடக் காப்பி அடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடுகிற நிலையில் யாரும் இல்லை.

5. வசனம் அவளது, வாய் எனது

டாக்டர் அவளிடம் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார், உயிரை மாய்த்துக்கொள்ள வழி ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாயா என்று. இல்லை என்றாள். பிள்ளை மேல் சத்தியம் பண்ணினாள். தனக்குக் கீழே வேலை பார்க்கிறவளுக்குத் தானே வைத்தியம் பார்ப்பது முறையில்லை என்று, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டருக்குப் போன் போட்டார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தனம்மா, எந்திரிக்காமப் போயிட்டா நல்லதுன்னு இன்னைக்குச் சொல்றாங்க. இதை விட்டுட்டா நாளைக்கு என்ன தோணும்னு அவங்களுக்கே தெரியாது. எப்படியாவது கூட்டிட்டுப் போயிருங்க. தனியா விடாதீங்க."

எனக்கு அன்று இருந்த பயத்தை எழுத வார்த்தை இல்லை. எத்தனையோ வீட்டில் எத்தனையோ கதை கேட்டவள்தான் நான். ஆனால் இது நம்ம ஜெசி.

டீக்கடை வாசலில் வைத்துப் பேச்சை எடுத்தேன். அவள் மசிவதாக இல்லை.

"நேரமில்லக்கா. பிள்ளைக்குப் பரீட்ச வருது."

"காய்ச்சல்னா நேரம் பாத்தா ஆஸ்பத்திரிக்குப் போறோம்?" என்றேன். இது அவள் ஊர் ஊராகச் சொல்லுகிற வசனம்.

"நவநாள் செபம் சொல்லிட்டு இருக்கேன். மாதா பாத்துக்குவாங்க."

"செபமும் சொல்லுங்க, மாத்திரையும் போடுங்க. மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க." இதுவும் அவளுடையதுதான்.

"மாத்திரை போட்டா அதுவே பழக்கமாயிருமாம்ல?"

"கண்ணாடி போட்டாப் பழக்கமாயிரும்னு யாராச்சும் செவுத்துல முட்டிக்கிட்டுத் திரியிறாங்களா?"

சட்டென்று சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "என் வாயை வச்சே என்னை அடிக்கிறீங்களேக்கா."

"பின்னே? ஊருக்குத்தான் உபதேசமா? நீ சொல்லித்தானடி எனக்கே இதெல்லாம் தெரியும்."

"ஒரு காரணமும் இல்லக்கா. அதான் வெக்கமா இருக்கு. அவரு நல்லவரு. பிள்ளை நல்லாப் படிக்குது. புருசன் குடிக்கிறான், அடிக்கிறான்னா சொல்லலாம். எனக்கு என்ன கொறன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"சக்கரை வியாதிக்காரங்ககிட்ட என்ன கொறைல ஒனக்குச் சக்கரை வந்துச்சுன்னு கேக்குறோமா?"

"இது நான் சொன்னது இல்லையே."

"இது நானாச் சொன்னது. எனக்கும் கொஞ்சம் மூளை இருக்குடி."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். பிறகுதான் உள்ளே கிடந்தது வந்தது.

"அங்க போய்ச் சீட்டுப் போட்டா இது நெசமாயிரும்க்கா. இந்த நிமிசம் வரைக்கும் நான் நடிச்சேன்னே வச்சுக்கலாம்ல? வேலை போயிரும். கிறுக்கச்சி வந்து நமக்குப் புத்தி சொல்றாடான்னு ஊரு சிரிக்கும்."

"வேலைக்கு நான் பொறுப்பு. நடிப்புன்னா வீட்டுக்குப் போனதும் வேசம் கலையணும். கலையுதா?"

தலையை ஆட்டினாள். கலையவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. டீக்கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, டீயில சக்கரை கம்மியா?" என்றார். ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரி ஓபியில் இருந்த நர்ஸுக்கு எங்களைத் தெரியும். வாரம் ஒருதடவையாவது யாரையாவது கூட்டிக்கொண்டு போவோம். "வாங்க, இன்னைக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆளைத் தேடினார்.

ஜெசிந்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு நான்தான் சிஸ்டர்" என்றாள்.

நர்ஸ் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை. சீட்டில் பெயரை எழுதி, பெஞ்சைக் காட்டினார். அந்தப் புண்ணியவதிக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

உள்ளே இருந்தவர் சின்ன வயது லேடி டாக்டர். எங்களுடைய அதே கேள்விகளை, பழைய புத்தகத் தமிழில் கேட்டார். நாலாவது கேள்வியில் ஜெசிந்தா, "டாக்டர், இதை இப்படிக் கேட்டா ஜனங்களுக்கு வெளங்காது. மனசு வெறுத்துப் போச்சான்னு கேளுங்க" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "சரிங்க, மனசு வெறுத்துப் போச்சா?" என்றார். "ஆமா டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அவள் விம்மி விம்மி அழுதாள்.

6. தேவலை

மாத்திரை போட்டதும் மறுநாள் பூ மாதிரி எழுந்தாள் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். முதல் சில வாரம் குமட்டலும் தலைசுற்றலுமாகக் கிடந்து, என்னையும் டாக்டரையும் மருந்துக் கம்பெனியையும் ஒரே மூச்சில் திட்டினாள். அந்தோணி ஷிப்ட்டை மாற்றி வாங்கிக்கொண்டு, காலையில் வீட்டில் இருந்தார். "என்கூட இருந்துகிட்டே இதெல்லாம் எனக்குத் தெரியலயேக்கா" என்று என்னிடம் மூக்கை உறிஞ்சினார். அவள் லீவில் இருந்த வரைக்கும் எங்கள் டாக்டர் அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. கேட்டால், "ஆள் கிடைக்கலை" என்று சிடுசிடுத்தார். தேடினால்தானே கிடைக்கும்? வாரம் ஒருநாள் கவுன்சலிங், தினம் மாத்திரை என்று சில மாதங்கள் போயின. ஒருநாள் போனில், "அக்கா, இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு வச்சேன், நானே ரெண்டு தடவ போட்டுச் சாப்பிட்டேன்" என்றாள். அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அவள் மறுபடி ஃபீல்டுக்கு வந்த புதிதில், ஒருநாள் சித்தையன்கோட்டைக்கு அவளோடு நானும் போனேன். அவள் எப்படிப் பேட்டி எடுக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என் டியூட்டி. பாண்டியம்மா என்று ஒரு நடுத்தர வயதுக்காரம்மா, கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே பதில் சொன்னார். பதில் என்று என்ன? "ஒண்ணுமில்ல", "நல்லாத்தான் இருக்கேன்", "அதெல்லாம் கெடையாது". முகம் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். எல்லாக் கேள்விக்கும் பூஜ்யம். ஜெசிந்தா நன்றி சொல்லி டேப்லெட்டை மூடப் போனாள்.

"ஏந்தாயி, இம்புட்டு நேரம் என்னயக் கேட்டியே. இதெல்லாம் ஒனக்கு வந்திருக்கா?" என்றார் பாண்டியம்மா.

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு விதி இருக்கிறது. பேட்டி எடுப்பவர் தன் கதையைச் சொல்லக் கூடாது. சொன்னால் எதிராளி பதில் மாறிவிடும், கணக்குக் கெட்டுப் போகும். "இது உங்களைப் பற்றிய பேட்டிம்மா" என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். அந்த விதியை இவர்களுக்கெல்லாம் மனப்பாடம் பண்ண வைத்தவளே நான்தான்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் ஒரு மொச்சையை எடுத்து உரித்தேன்.

"வந்துச்சு சின்னம்மா. எந்திரிக்கவே பிடிக்காமக் கெடந்தேன். மாத்திரை சாப்பிடுறேன். இப்பத் தேவல" என்றாள்.

அன்றைய ரிப்போர்ட்டில் நானே என் கையால் "விதிமீறல்" என்று எழுதினேன். டாக்டர் வாசித்துவிட்டு, "பக்கத்துலயே இருந்தீங்கள்ல, தடுத்திருக்கலாமே தனம்மா? இந்தப் பேட்டியை இனி ஆராய்ச்சிக் கணக்குல சேக்க முடியாதே" என்றார். "ஆமா சார், சேக்க முடியாது" என்றேன். அவர் அந்த அம்மாவுக்கு ரெஃபரல் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, விதியை மீறச் சொல்லி இதை எழுதவில்லை. மீறினால் நானே உங்கள் மேல் எழுதிக் கொடுப்பேன், எனக்கு அந்தக் கெட்ட புத்தி உண்டு. நல்லாத்தான் இருக்கேன் என்ற பதிலை எடுத்த எடுப்பில் நம்பிவிடாதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். எதிரே இருப்பவர் சொன்னாலும் சரி, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொன்னாலும் சரி.

பாண்டியம்மா என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. மொச்சைத் தட்டைக் கீழே இறக்கி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். கட்டிலில் நகர்ந்து ஜெசிந்தாவுக்கு இடம் விட்டார்.

"அப்ப மொதல்லருந்து கேளு தாயி" என்றார்.